ஒற்றைச் சாட்சியின் பேரில் தீர்ப்பு வேண்டாம்

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தாலும், செம்பூர் ஸ்டேஷனிலிருந்து டயமண்ட் கார்டன் வரையில் போனாலும், தாராவியின் 90 அடி ரோட்டில் ஜனநெரிசலுக்குள் புகுந்து வெளிப்பட்டாலும், ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பலகை ஒன்றாவது கண்ணில் படாமல் போவதில்லை. இது நல்லதுதான். சர்க்கரை வியாதியையும் ரத்தசோகையையும் முற்றிப் போன பிறகே கண்டறிந்த காலம் மாறி, காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் விவரம் தெரிந்துவிடும் என்ற சௌகரியம் இந்த நகரத்து உழைப்பாளி ஜனங்களுக்கும் கிட்டியிருக்கிறது. அதை நான் குறைவாக மதிப்பவன் அல்ல. ஆனால் சர்க்கரையின் அளவைச் சொல்லும் எண்ணையும், ஹெர்பிஸ் என்னும் கிருமியைப் பற்றிச் சொல்லும் எண்ணையும் ஒரே காகிதத்தில், ஒரே மாதிரிக் கட்டங்களுக்குள், ஒரே தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கும்போது, இரண்டும் ஒரே அளவு நிச்சயமானவை என்று வாங்குகிறவர் நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதையும், அதனால் குடும்பங்களில் விளையும் விபரீதம் சாமானியமானதல்ல என்பதையும் எடுத்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிருமியைப் பற்றி. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, பெரியவர்கள் கொஞ்சி முத்தமிடும்போது எச்சில் வழியாகவே வந்து சேர்வது. ஜுரம் கண்டால் உதட்டோரத்தில் கொப்புளம் போடுகிறதே, அது இந்த வகையின் வேலை. இரண்டாம் வகை உடலுறவின் வழியாகப் பரவி, பெரும்பாலும் பிறப்புறுப்பில் புண்ணாக வெளிப்படுவது. நம் ஊர்ப்பக்கம் காவி கரைத்து எழுதும் அக்கி இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸால் வருவது. அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதல் வகையும், 15 முதல் 49 வயது வரையில் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு இரண்டாம் வகையும் இருக்கின்றன. இவர்களில் மிகப் பலருக்கு ஆயுள் முழுவதும் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. வந்தாலும் அசைக்ளோவிர் என்ற மலிவான மாத்திரை அதை அடக்குகிறது. உடலை விட்டு முழுவதும் நீங்காது என்பதும், இரண்டாம் வகை உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் சுமார் மூன்று மடங்கு என்பதும் மெய். ஆகவே இதை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. இவ்வளவு சர்வசாதாரணமான ஒரு கிருமியைக் குறித்து இவ்வளவு பெரிய அபவாதம் எப்படி ஏற்பட்டது என்பதுதான் என் விசாரம். அதற்கு அறியாமை ஒரு காரணம் என்றால், அரைகுறையான பரிசோதனை மற்றொரு காரணம்.

புண் இருக்கும்போது அதிலிருந்து நீரைத் துடைத்தெடுத்து பி.சி.ஆர். முறையில் பார்த்தால், வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்பது ஏறக்குறைய ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை அப்படிப்பட்டதல்ல. அது வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிக்கொண்ட எதிர்ப்பொருள் என்ற புரதத்தைத் தேடுகிறது. இரண்டு வகை வைரஸ்களும் உடன்பிறந்தவை போல மிகுந்த ஒற்றுமை கொண்டவையாதலால், ஒன்றுக்காக உண்டான எதிர்ப்பொருள் மற்றொன்றின் பரிசோதனையிலும் ஒட்டிக்கொண்டு ஏமாற்றக்கூடும். கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற புரதம் இரண்டிலும் வெவ்வேறாக இருப்பதால், அதை வைத்து ஐ.ஜி.ஜி. என்ற இன எதிர்ப்பொருளைப் பார்த்து வகை பிரிக்கும் பரிசோதனைகளை விஞ்ஞானிகள் பிற்பாடு உருவாக்கினார்கள். அவையும் பூரணமானவை அல்ல. பரிசோதனை முடிவில் ஓர் எண் வருகிறது, 0.9-க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ், 1.1-க்கு மேலே இருந்தால் பாசிட்டிவ், நடுவே இருந்தால் சந்தேகம் என்று பொதுவாக வகுத்திருக்கிறார்கள். அந்த எண் வியாதியின் கடுமையை அளப்பதன்று. மேலும் 1.1-லிருந்து 3 வரையில் வரும் தாழ்ந்த பாசிட்டிவ்களில் பெரும் பகுதி பொய்யாக இருக்கக்கூடும் என்பதால், அவற்றை வேறொரு முறையில் உறுதி செய்யாமல் நம்பலாகாது என்று அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. மிகப் பரவலாக உபயோகத்தில் உள்ள ஒரு பரிசோதனையை ஆராய்ந்தபோது, தொற்றே இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் அதற்கு நூற்றுக்கு 57 அளவிலேயே இருந்தது என்றும் அதே வழிகாட்டி கூறுகிறது. 2023-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இந்தப் பொய்ப் பாசிட்டிவ்களைப் பற்றி மருத்துவர்களுக்கும் பரிசோதனைக்கூடத்தாருக்கும் பிரத்தியேகமாகக் கடிதமே எழுதி எச்சரித்தது.

பரிசோதனை இதைவிட நல்லதாக இருந்தாலும் சங்கடம் தீர்ந்துவிடாது என்பதைச் சிறு கணக்கொன்றால் காட்டலாம். புண் எதுவும் இல்லாத ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துகிறோம் என்றும், அவர்களில் 50 பேருக்கு மட்டும் இரண்டாம் வகைத் தொற்று இருக்கிறது என்றும், நம் பரிசோதனை தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேரையும், இல்லாதவர்களில் நூற்றுக்கு 95 பேரையும் சரியாகச் சொல்லிவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். 50 பேரில் 47 அல்லது 48 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் தவறு நேர்ந்தால், அவர்களிலும் 47 அல்லது 48 பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்றே வரும். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிற இருவரில் ஒருவருக்கு அந்த வியாதியே கிடையாது! அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் குழு இதே வகையான கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான், அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைப் பொதுவாகச் செய்யக்கூடாது என்று 2016-ல் சொன்னதுடன், 2023-ல் மறுபடியும் அதை ஊர்ஜிதம் செய்தது.

ஐ.ஜி.ஜி.யின் நிலை இது. ஐ.ஜி.எம். என்ற மற்றோர் இன எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு நடுநிலை இல்லை. புதிதாகத் தொற்றியது என்பதைக் காட்டும் என்ற அனுமானத்தில் அதைச் செய்கிறார்கள். பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் அது பாசிட்டிவ் ஆகும். சம்பந்தமே இல்லாத காரணங்களாலும் ஆகும். இரண்டு வகைகளைப் பிரித்துச் சொல்லவும் அதனால் முடியாது. அதைச் செய்யவேண்டாம் என்றே அறிந்தவர்கள் சொல்லிவருகிறார்கள். நம் நகரத்தில் அது இன்னும் காசுக்குக் கிடைக்கிறது.

தாராவியில் எனக்கு நெடுநாள் பழக்கமான திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று உண்டு. தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாவின் பேரன் இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். அவன் மனைவி செம்பூர் கேம்ப்பில் வளர்ந்த பெண். அடுத்தடுத்து இரண்டு முறை கர்ப்பம் கலைந்துபோகவே, ‘டார்ச் டெஸ்ட்’ எடுத்து வரும்படி ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். முடிவு இரவு பத்து மணிக்குமேல் வாட்ஸப்பில் வந்தது. இடது பக்கத்தில் பரிசோதனைகளின் பெயர்கள், நடுவே எண்கள், வலது பக்கத்தில் இருக்கவேண்டிய அளவு. எல்லா எண்களும் சாதாரண எழுத்தில் இருக்க, ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். என்ற வரிக்கு எதிரே 1.3 என்ற எண் மட்டும் கறுத்துத் தடித்து நின்றது. பக்கத்தில் ‘பாசிட்டிவ்’. அடியில், மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. அந்த வரியை அன்றிரவு அந்த வீட்டில் யாரும் படிக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு உறவினனுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

“எங்க வம்சத்துல இப்பிடி ஒரு சீக்கு கெடையாதே, நீ எங்கேருந்து கொண்டாந்தே?” என்று மாமியார் கேட்டாள்.

“அத்தை, சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் கணவன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் அவளை அதிகம் வதைத்தது என்று பின்னால் என் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவள் செம்பூருக்குப் போய்விட்டாள். அவளுடைய தாயார் புத்திசாலி; மகளை அழைத்துக்கொண்டு மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் தோல், பால்வினை நோய்ப் பிரிவின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அங்கே தமிழ் தெரிந்த டாக்டர் அம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “புண்ணு, கொப்புளம், எரிச்சல், ஏதாச்சும் எப்பவாச்சும் வந்துருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்போ இந்த நம்பருக்கு நான் மருந்து எழுத மாட்டேன். மூணு மாசம் கழிச்சு வகை பிரிச்சுப் பாக்குற டெஸ்ட் எடுப்போம். அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் என்கிட்ட கூட்டிட்டு வா” என்றார். மூன்று மாதம் கழித்து எடுத்ததில் இரண்டாம் வகை இல்லை. முதல் வகைக்கு எதிர்ப்பொருள் இருந்தது, நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பதைப் போல. கணவன் நேரில் போய் அழைத்துவந்தான். மாமியார் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

டார்ச் என்ற பெயரை 1971-ல் அமெரிக்காவில் ஆந்த்ரே நாமியாஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் வழக்குக்குக் கொண்டுவந்தார்கள். கருவிலோ பிரசவத்திலோ குழந்தையைத் தாக்கும் தொற்றுகள் சிலவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. நோயோடு பிறந்த சிசுவைப் பரிசீலிக்கும் மருத்துவர் எவற்றை நினைவில் வைக்கவேண்டும் என்பதற்கான உபாயம். கர்ப்பம் திரும்பத் திரும்பக் கலைவதற்குக் காரணம் தேடும் கருவியாக அது நம் நாட்டில் உருமாறியது துரதிருஷ்டம். அப்படிக் கலைவதற்கு இந்தத் தொற்றுகள் காரணமாக இருக்க வழியில்லையாதலால், இந்த நோக்கத்துக்காக டார்ச் பரிசோதனை செய்வதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் ராயல் பிரசவ மருத்துவக் கல்லூரி 2011-ஆம் ஆண்டு வழிகாட்டியில் திட்டவட்டமாகவே எழுதிற்று. பிரசவ சமயத்தில் குழந்தைக்கு ஹெர்பிஸ் தொற்றுவது பயங்கரமான விஷயம்தான். ஆனால் மிக அபூர்வம், உலகளவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் பத்து. தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முதலாகத் தொற்று ஏற்பட்டால் அபாயம் பெரிது. வெகுகாலத்துக்கு முன்பே தொற்று வந்து, ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்த எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகச் சென்று குழந்தையைக் காக்கவே செய்கிறது. பழைய ஐ.ஜி.ஜி.யைப் பார்த்துப் பயந்து நடுங்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இதை யாராவது நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டாமா?

ரத்தப் பரிசோதனையின் விஷயத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நமக்கு வெளியூர்ப் பாடம் தேவையில்லை. 1986-ன் தொடக்கத்தில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற இளம் ஆராய்ச்சி மாணவி, பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலேறினார். அங்கே எச்.ஐ.வி.யைத் தேடிச் செய்த எலைசா பரிசோதனையில் ஆறு மாதிரிகள், தொற்றுக்கு அடையாளமாக, மஞ்சளாக மாறின. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். அந்த மஞ்சள் நிறம் மெய்யானால் தேசத்தையே உலுக்கப்போகிற செய்தி. அந்தப் பெண்களிடம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையிலும் பார்த்து உறுதி செய்தார்கள். பின்புதான் அது சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் சொல்லப்பட்டது. முதல் முடிவு சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் சரிபார்த்தார்கள். அவ்விருவர் காட்டிய பொறுமையை நான் மிகப் பெரிய காரியமாகக் கருதுகிறேன்.

அந்த மரபு எச்.ஐ.வி. விஷயத்தில் நம் நாட்டில் ஸ்திரமாக வேரூன்றிவிட்டது. அறிகுறி இல்லாத ஒருவரை, வெவ்வேறு கிட்களால் செய்த மூன்று பரிசோதனைகளும் ஒத்துச் சொன்னால் ஒழிய, எச்.ஐ.வி. உள்ளவர் என்று அரசாங்க மையங்களில் அறிவிப்பதில்லை. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் ஒருவர் தனியறையில் உட்கார்ந்து பேசுகிறார். 2017-ல் இயற்றப்பட்டு 2018-ல் அமலுக்கு வந்த சட்டம், சம்மதத்தையும் ரகசியத்தையும் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. ஹெர்பிஸ் எச்.ஐ.வி.யைப் போல உயிருக்கு ஆபத்தானது அல்ல என்பதால் அதற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றினால் மானமும் தாம்பத்தியமும் போகின்றன என்பதுதான் என் பதில். மூன்று சாட்சிகள் வேண்டும் என்று ஒரு வியாதிக்கு விதித்த நாம், மற்றொன்றுக்கு ஒற்றைச் சாட்சியை, அதுவும் தடுமாறிப் பேசும் சாட்சியை, இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் அனுப்பித் தீர்ப்பாக ஏற்றுக்கொள்வது நியாயமில்லை.

கோவிட் காலத்தில் இதே வார்டுகளில் எதிர்ப்பொருள் பரிசோதனை நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020 ஏப்ரலில் சீனத்திலிருந்து வந்த துரிதப் பரிசோதனைக் கிட்கள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்ததால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சில நாட்களுக்குள்ளேயே அவற்றை நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்லிற்று. அதே ஆண்டு ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வார்டுகளில் மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கும் மற்ற இடங்களில் 16 பேருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. ஒரு ஊரின் நிலைமையை அறிய அந்த எண்கள் பெரிதும் பிரயோஜனப்பட்டன. அங்கே ஓரிருவர் கணக்கில் பிழை நேர்ந்தாலும் மொத்தக் கணக்கில் அதைத் திருத்திக்கொள்ள முறை உண்டு. ஒரு தனி மனிதரின் பெயரை எழுதி, பக்கத்தில் பாசிட்டிவ் என்று எழுதும்போது, அந்தப் பிழை முழுவதும் அவர் ஒருவரின் தலையில் விடிகிறது.

அப்படிப்பட்ட காகிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருக்கலாம். அவருக்கு நான் டாக்டர் அல்ல. ஆயினும் அறிந்ததைச் சொல்வது கடமை. பார்க்கவேண்டியது முதலில் பரிசோதனையின் பெயர். ஐ.ஜி.எம். ஆனால் அதைப் பொருட்படுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். ஐ.ஜி.ஜி. ஆனால் முதல் வகையா, இரண்டாம் வகையா என்று பாருங்கள். வகை பிரிக்காமல் இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தால், குழந்தைப் பருவத்தில் பாட்டி கொடுத்த முத்தத்தின் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும். இரண்டாம் வகையே ஆனாலும், எண் 3-க்குக் கீழே இருந்தால் வேறொரு முறையில் உறுதி செய்யாமல் ஒன்றையும் முடிவு கட்ட வேண்டாம். இதற்கெல்லாம் உரைகல் என்று மதிக்கப்படும் வெஸ்டர்ன் பிளாட், சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்யப்படுவது. இங்கே கேட்டவுடன் கிடைக்கும் பொருளல்ல. ஆகவே நமக்குள்ள வழி, சந்தேகப்படும் நாளிலிருந்து 12 வாரம் கழித்து வேறு கிட்டால் மறுபடி பார்ப்பதும், புண் என்று ஏதாவது தோன்றினால் அது ஆறுவதற்குள், முடிந்தால் ஓரிரு நாளிலேயே, போய் அதிலிருந்து நீரெடுத்துப் பார்க்கச் சொல்வதும்தான். சயான் ஆஸ்பத்திரி போன்ற பொது மருத்துவமனைகளில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சுரக்ஷா கிளினிக்குகளில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். ஹெர்பிஸ் புண்ணுக்கென்று சிவப்பு நிறத்தில் ஒரு மருந்துப் பொட்டலமே அங்கே வைத்திருக்கிறார்கள். அவ்விடங்களில் புண்ணைப் பார்த்துத்தான் வைத்தியம்.

அந்த 12 வாரம் மிக நீளமானது என்பதை நான் அறிவேன். இந்த நகரத்தின் பத்துக்குப் பத்து வீடுகளில், தனியாக அழுவதற்குக்கூட ஒரு மூலை கிடையாது. அந்தக் காலத்தில் மனத்தை மிகவும் அரிக்கும் கேள்வி, யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதே. இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. உண்மையாகவே தொற்று இருந்தாலும், அது கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பு வந்து இவ்வளவு நாள் உறங்கியிருக்கலாம். கணவனிடமிருந்து மனைவிக்கோ மனைவியிடமிருந்து கணவனுக்கோ, இருவரும் அறியாமலே போயிருக்கலாம். ஆகையால் அந்தக் காகிதத்தை ஒருவர் மற்றவர் மேல் குற்றப்பத்திரிகையாக வாசிப்பதற்கு எந்தப் பிரமாணமும் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் போவது நல்லது. உறவினருக்கும் மெடிக்கல் ஷாப்காரருக்கும் காட்டாமல் இருப்பது அதனினும் நல்லது. முடிவு மெய்யென்றே உறுதியானால், தினசரி மாத்திரையும் ஆணுறையும் துணைக்குத் தொற்றும் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கும். குழந்தை பெறலாம், குடும்பம் நடத்தலாம்.

ரத்தப் பரிசோதனையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். துணைக்கு ஹெர்பிஸ் இருப்பது தெரிந்தவர், திரும்பத் திரும்பப் புண் வந்தும் பி.சி.ஆரில் அகப்படாதவர், இப்படிச் சிலருக்கு வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி. உபயோகமானது. அதை எழுதிக் கொடுக்கவேண்டியவர் நோயாளியைப் பார்த்துப் பேசிய மருத்துவர். கவலை பிடித்த வாலிபன் ஒருவன் கைப்பேசியில் ‘எஸ்.டி.டி. பேனல்’ என்று தேடி, சலுகை விலையில் வாங்கும் பட்டியலில் அதற்கு இடம் இருக்கக்கூடாது.

நோயைக் கண்டுபிடிப்பதில் தவறு செய்யும் ரத்தப் பரிசோதனையை அரசாங்கம் நிறுத்த முடியும் என்பதற்கு நம் தேசத்திலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. காசநோயை எதிர்ப்பொருளை வைத்துக் கண்டறிவதாகச் சொல்லி, ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் அதிகமான ரத்தப் பரிசோதனைகள் உலகில் நடந்துவந்தன. அதில் பெரும் பங்கு இந்தியாவின் தனியார் கூடங்களில். இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களும், இருந்த நோய் தெரியாமல் போனவர்களும் இந்தத் தாராவியிலும் இருந்திருப்பார்கள். 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அவற்றைச் செய்யவே கூடாது என்றது. 2012 ஜூனில் இந்திய அரசாங்கம் அவற்றின் இறக்குமதியையும் உற்பத்தியையும் விற்பனையையும் உபயோகத்தையும் தடை செய்தது. வியாபாரம் நஷ்டமாகும் என்ற ஆக்ஷேபம் அன்றும் எழுந்திருக்கும். அது அந்தத் தடையை நிறுத்தவில்லை.

மத்திய சுகாதார அமைச்சகத்தையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் நான் கேட்பது இதுவே: ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். பரிசோதனையைக் காசநோய்ப் பரிசோதனையைப் போலவே தடை செய்யுங்கள். வகை பிரிக்கும் ஐ.ஜி.ஜி.யை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்குங்கள். தாழ்ந்த எண்ணோடு வரும் ஒவ்வொரு முடிவிலும், இது உறுதி செய்யப்படாதது என்ற வாசகத்தைப் பாசிட்டிவ் என்ற சொல்லின் அளவுக்கே பெரிய எழுத்தில், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் அச்சிடச் செய்யுங்கள். கர்ப்பம் கலைந்து வரும் பெண்ணுக்கு டார்ச் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள மருத்துவப் பெருமக்கள் எந்த ஆணைக்கும் காத்திராமல் இன்றே நிறுத்திவிடலாம்.